பட்டா என் பேரில், அனுமதி யார் கையில்? (22-ஏ, அங்கீகாரமில்லாத மனை)

#1 அரைக்கிரவுண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புலம்பல்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013-ல் சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் 1,200 சதுர அடி மனை வாங்கினேன். வேனில் கூட்டிப்போய், பிரியாணி வாங்கிக் கொடுத்து, கலர் கலராய்க் கொடி நட்ட ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார். டிடிசிபி (நகரமைப்புத் துறை) அப்ரூவ்டு வேண்டும் என்றால் அடுத்த லேஅவுட், சதுர அடிக்கு நூறு ரூபாய் கூட" என்றார் கூட வந்த பையன். அந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தை மிச்சம் பிடித்துவிட்டதாக வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

பத்திரம் என் பேரில் இருக்கிறது. பட்டாவும் அப்படியே. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தம். அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்துவந்து தரைத்தளம் மட்டுமாவது கட்டலாம் என்று போன மாதம் கிளம்பினேன். வங்கியில் கேட்ட முதல் கேள்வி: "லேஅவுட் அப்ரூவல் நம்பர்?" கட்டட அனுமதிக்குப் போனால் அங்கேயும் அதே கேள்வி. 2,500 சதுர அடிக்குள் மனை இருந்தால் சுயசான்று கொடுத்தாலே அனுமதி என்று 2024-ல் அறிவித்தார்களே என்றேன். "அது அங்கீகரிக்கப்பட்ட மனைக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

திருடின இடமா இது? காசு கொடுத்து வாங்கிய இடத்தில் நாலு சுவர் எழுப்ப நான் ஏன் ஊரில் இருப்பவர்களிடமெல்லாம் கையேந்த வேண்டும்?

#2 பழைய சர்வேயர்

தம்பி, முதலில் ஒன்று. பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் 'இது யாருடையது' என்ற கேள்விக்கான காகிதங்கள். அதிலும் பட்டா என்பது வருவாய்க் கணக்கு. தீர்வை யார் கட்டுகிறார் என்று சொல்லும், அவ்வளவுதான். 'இந்த இடத்தில் என்ன செய்யலாம்' என்பது வேறு கேள்வி. அதற்குக் காகிதம் நகரமைப்புத் துறையிடம்தான் கிடைக்கும். 1971-ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்திலிருந்து நிலைமை இதுதான். பஞ்சாயத்துத் தலைவர் லேஅவுட் வரைபடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தாரே, அந்த அதிகாரம் அவருக்கு இருந்ததே இல்லை.

பிறகு எப்படி ஆயிரக்கணக்கான மனைகள் விற்றன? பத்திரப்பதிவு, வருவாய், நகரமைப்பு மூன்று துறைகளும் ஒரே ஊரில் குடியிருக்கும் பேசாத மூன்று பங்காளிகள். பதிவாளர் பத்திரத்தைப் பார்ப்பார், நிலத்தைப் பார்க்கமாட்டார். நாங்கள் நிலத்தைப் பார்ப்போம், லேஅவுட்டைப் பார்க்கமாட்டோம். நான் அந்தக் காலத்தில் எத்தனையோ உட்பிரிவு அளந்து கொடுத்திருக்கிறேன், அது வயலா மனையா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உத்தரவு போட்டது. அக்டோபர் 20-ல், அப்படிப்பட்ட மனைகளைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவு 2009-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம். ஏழு வருடம் அப்படியே தூங்கியது. 2009-லேயே அமலாகியிருந்தால் 2013-ல் உங்களால் அந்த மனையை வாங்கியே இருக்க முடியாது. பிரியாணியோடு திரும்பியிருப்பீர்கள்.

சரி, உங்களுக்கு வழி இருக்கிறது. எழுதுகிறேன். லேஅவுட்டில் மொத்தம் எத்தனை மனை, எத்தனை விற்றிருக்கிறது, யாராவது கட்டியிருக்கிறார்களா என்று முதலில் சொல்லுங்கள்.

#3 அரைக்கிரவுண்டு

62 மனை சார். எல்லாம் விற்றுவிட்டது. நாலு பேர் வீடு கட்டியிருக்கிறார்கள், எந்த அனுமதியும் இல்லாமல்.

ஒன்று கேட்கிறேன். 2013-ல் வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8 சதவீதம் வாங்கினார்கள். கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். வாங்கும்போது அது மனை. கட்டப் போகும்போது விவசாய நிலம். இது எந்த ஊர் நியாயம்?

#4 வரப்பு

அந்த ஊர்ப் பக்கம்தான் நானும். நான் விவசாயி. இந்த இழையைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நீங்கள் கொடி நட்ட பொட்டல் என்கிறீர்களே, இங்கே அந்த மாதிரிப் பொட்டல் எல்லாம் ஒரு காலத்தில் போகம் விளைந்த இடம். என் நிலத்துக்கு மேலண்டைப் பக்கம் 2010-ல் ஒரு லேஅவுட் போட்டார்கள். ஏரியின் கடைமடை வாய்க்கால் அதன் குறுக்கே போனது. ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைத் தள்ளி மூடி, மேலே சிவப்பு கிராவல் அடித்து 'இருபது அடி ரோடு' என்றார்கள். அந்த வருடத்திலிருந்து எனக்கு ஏரித் தண்ணீர் கிடையாது, போர் தண்ணீர்தான். மழைக் காலத்தில் நேர் எதிர். வடியவேண்டிய தண்ணீர் வடிய வழியில்லாமல் என் நாற்றங்காலில் நிற்கும்.

மனை வாங்கியவர்களின் சொத்துரிமை பற்றி இங்கே பேசுகிறோம். வாய்க்காலில் எனக்கு இருந்த உரிமை பற்றி அன்றைக்கு ஒருத்தர் கேட்டாரா?

அதே சமயம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெண் கல்யாணத்துக்காக அரை ஏக்கரை விற்கப் போனேன். நஞ்சை, மனைப்பிரிவாக மாற்ற முடியாது என்பதால் பக்கத்துப் புஞ்சைக்குக் கொடுத்த விலையில் பாதிதான் கேட்டார்கள். ஊருக்குச் சோறு போடவேண்டும் என்று என் நிலத்தை நிலமாகவே வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். ரொம்பச் சரி. அந்த நஷ்டத்தை மட்டும் ஏன் நான் தனியாகச் சுமக்க வேண்டும்?

#5 ஹூஸ்டன் மாப்பிள்ளை

அமெரிக்காவில் இந்தத் தொல்லை இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். நான் இருக்கும் ஹூஸ்டன் நகரத்துக்கு 'நிலப் பயன்பாட்டு மண்டலம்' என்ற சட்டமே கிடையாது. மக்களே வாக்களித்து வேண்டாம் என்று சொன்ன ஊர், 1993-ல் கடைசியாக. கேட்கச் சுதந்திரமாக இருக்கும். ஆனால் பத்திரத்திலேயே கட்டுப்பாடு எழுதி வைத்திருப்பார்கள். என் வீட்டு வேலி உயரம், வாசல் கதவின் நிறம், புல் வெட்டும் உயரம் எல்லாம் குடியிருப்போர் சங்கம் தீர்மானிக்கும். வாசலில் மாட்டுப் பொங்கல் பானை வைக்கலாமா என்று போன வருடம் மின்னஞ்சலில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. அரசாங்கம் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

#6 கறுப்புக் கோட்டு

#3-க்குப் பதில். கோபம் நியாயம், வாதம் நிற்காது.

நம் நாட்டில் பதிவு என்பது பத்திரத்தைப் பதிவது. உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் அல்ல. 'இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தார்' என்பதை அரசு பதிந்து வைக்கிறது. எழுதிக் கொடுத்தது சரியா, அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்பதற்குப் பதிவாளர் பொறுப்பு இல்லை. முத்திரைத் தீர்வை ஒரு வரி, அதை அனுமதிக் கட்டணமாக நினைத்துக்கொள்ளக்கூடாது. இது சட்டம். ஒழுக்கமா என்று கேட்டால், அரசு பத்து வருடம் உண்டியலைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு 'இங்கே கோயிலே கிடையாது' என்று சொன்னது போலத்தான் எனக்கும் படுகிறது.

சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது 1979 வரை. அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து 300-ஏ என்று தனியாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். வெற்று வாசகம் என்று நினைக்கவேண்டாம். 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒரு வரிக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாகப் பிரித்துச் சொன்னது. நோட்டீஸ் தரவேண்டும், ஆட்சேபம் கேட்கவேண்டும், காரணத்தோடு முடிவெடுக்கவேண்டும், பொது நோக்கம் இருக்கவேண்டும், நியாயமான இழப்பீடு தரவேண்டும் என்று போகும் அந்தப் பட்டியல்.

ஆனால் அது நிலத்தை எடுத்துக்கொள்வது பற்றியது. உங்கள் நிலத்தை யாரும் எடுக்கவில்லை, பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள். 'பறிப்பது' வேறு, 'ஒழுங்குபடுத்துவது' வேறு என்று நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றன. வரப்பு ஐயாவின் அரை ஏக்கருக்கும் இதே பதில்தான். அவருக்கு இது ஆறுதல் இல்லை என்று தெரியும்.

#7 நொய்யல்காரன்

வக்கீல் சார், ஒழுங்குபடுத்துவது எப்போது பறிப்பதாக மாறும்னு கோயம்புத்தூர்க்காரன் கிட்ட கேளுங்க.

எங்க தாத்தா வாங்கின எட்டு சென்ட். விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் அதன் நடுவே அறுபது அடி திட்டச் சாலை என்று கோடு போட்டுவிட்டார்கள். வரைபடத்தில் மட்டும்தான் சாலை. தரையில் ஒரு கூடை மண் விழவில்லை. தாத்தா போய்விட்டார், அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. நிலத்தை எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள், கட்டவும் விடமாட்டார்கள். விற்கப் போனால் 'ஸ்கீம் ரோடு போகுதுங்களே' என்று வாங்க வந்தவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். இழப்பீடு என்று எட்டணா வந்ததில்லை, ஏனென்றால் யாரும் எதையும் எடுக்கவில்லையாம்.

எடுத்திருந்தாலாவது காசு வந்திருக்கும்.

#8 கறுப்புக் கோட்டு

நொய்யல்காரரே, உங்களுக்கு அதே 1971 சட்டத்தில் மருந்து இருக்கிறது. 38-ஆம் பிரிவைப் படியுங்கள். திட்டத்தில் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய நிலம், அரசிதழ் அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிப்பு வராமலும், பேசி வாங்காமலும் கிடந்தால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். 'கருதப்படும்' என்றாலும் எந்த அலுவலகமும் தானாகக் கருதாது. மனுப் போட்டு, பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு, 'ஆமாம், விடுபட்டது' என்று உத்தரவு வாங்கவேண்டும். அரசிதழ் தேதியைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வழக்கு.

#9 முடிச்சூர் அக்கா

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். நான் தண்ணீர் பேசுகிறேன்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. முதலில் வாசல்படி, அப்புறம் ஸ்விட்ச் போர்டு, அப்புறம் மாடிப்படி. விடியும்போது மொட்டை மாடியில் பதினொரு பேர், ஒரு நாய், ஒரு கேஸ் அடுப்பு. எங்கள் தெருவில் எல்லாரிடமும் பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது. அடையாறுக்கு அது எதுவும் தெரியவில்லை.

அதனால் தம்பி, கட்டக்கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் உடனே கோபம் வருவதில்லை. முதலில் 'ஏன்' என்று கேட்பேன். சில நேரம் காரணம் வெறும் காகிதமாக இருக்கும், சில நேரம் தண்ணீராக இருக்கும்.

#10 ரங்கநாதன் தெரு

அக்கா சொல்வது சரி. ஆனால் நாங்கள் இருக்கும் தி.நகரே ஏரிதானே? லாங் டேங்க் என்று வரைபடத்தில் நீளமாக இருந்ததை வடித்துத்தானே மாம்பலம் திட்டம் போட்டார்கள், 1920-களில்? பெரிய மனிதர்கள் ஏரியை மூடினால் நகரமைப்பு, நாம் அரைக்கிரவுண்டு வாங்கினால் விதிமீறலா?

#11 பழைய சர்வேயர்

#10, குத்தலை ரசித்தேன். ஏரியை மூடியது பற்றி நானும் சாதகமாகப் பேச மாட்டேன். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். 1920-ல் வந்த நகரமைப்புச் சட்டத்தின் கீழ் அங்கே முதலில் பூங்காவையும் சாலையையும் வரைந்தார்கள், மிச்சம் இருந்ததைத்தான் மனையாக்கினார்கள். பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் பிரிந்து போவது தற்செயல் இல்லை. நம் தம்பியின் லேஅவுட்டில் முதலில் மனை, மிச்சம் இருந்தால் சாலை, அதிலும் மிச்சம் இருந்தால் பூங்கா.

அந்த 'சதுர அடிக்கு நூறு ரூபாய்' எதற்கு என்று நினைத்தீர்கள்? டிடிசிபி லேஅவுட் போட்டால் முறையான அகலத்தில் சாலை விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை நீங்கலாகப் பத்து சதவீதம் நிலத்தைப் பூங்காவுக்கென்று கட்டாயம் எழுதிக் கொடுக்கவேண்டும். மூவாயிரத்துக்கு மேல், பத்தாயிரத்துக்குள் என்றால் நிலமாகவோ அதற்கு ஈடான பணமாகவோ தரலாம். இதெல்லாம் விற்க முடியாத நிலம், அதனால் மற்ற மனை விலை ஏறுகிறது. உங்களுக்கு மலிவாகக் கிடைத்தது உங்கள் லேஅவுட்டின் சாலையும் பூங்காவும்தான். அதைத்தான் இப்போது வரன்முறைக் (அனுமதியில்லாத மனையை முறைப்படுத்தும்) கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளிக் கட்டணம் என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

வழியைச் சொல்கிறேன். 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகளின்படி, 20-10-2016-க்கு முன்னால் பதிவான மனை என்றால் தகுதி உண்டு. இரண்டு படி. முதலில் லேஅவுட் முழுவதற்கும் ஒரு வரைபடம் கொடுத்து, சாலை எது மனை எது என்று கட்டமைப்பு ஒப்புதல் வாங்கவேண்டும். அப்புறம் ஒவ்வொருவரும் தன் மனைக்குத் தனியாகப் பணம் கட்டி வரன்முறை ஆணை வாங்கவேண்டும். விண்ணப்பக் காலத்தைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள். இன்றைய தேதியில் எது நடப்பில் இருக்கிறது என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், வாட்ஸப் ஃபார்வர்டை நம்பவேண்டாம். முதல் படி ஏற்கனவே முடிந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். யாரோ ஒருவர் சத்தமில்லாமல் முடித்து வைத்திருப்பதும் உண்டு.

விற்பது மட்டும் என்றால் இவ்வளவு வேண்டாம். முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி பதிய 22-ஏ இடம் தருகிறது. அப்படித்தான் பலர் கைமாற்றி விடுகிறார்கள். வாங்குகிறவர் அடுத்த வருடம் உங்களைப் போலவே இங்கே வந்து இழை தொடங்குவார்.

#12 கிளைமேக்ஸ் கண்ணன்

ப்ரோ, எதுக்கு டென்ஷன்? அந்த நாலு பேர் மாதிரி கட்டிவிடுங்கள். எப்படியும் இன்னொரு ஸ்கீம் வரும், அப்போது ஃபைன் கட்டினால் முடிந்தது.

#13 கறுப்புக் கோட்டு

கண்ணன் சொல்வதைத் தப்பு என்று சொல்லவே முடியாத நிலையில் இருக்கிறோம், அதுதான் கொடுமை. 1998-ல் அதே 1971 சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 1999 பிப்ரவரி வரை விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு 'இந்த ஒரு முறை மட்டும்' மன்னிப்பு. உச்ச நீதிமன்றமும் 2000-ல், ஒரு முறைதானே என்றுதான் அதை விட்டுவைத்தது. பிறகு தேதியைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோன திருத்தங்களை 2006-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 113-சி, தேதி 1-7-2007. அப்புறம் மனைகளுக்கு 2016 அக்டோபர். ஒழுங்காகக் காசு கட்டி அனுமதி வாங்கியவன் ஒவ்வொரு முறையும் ஏமாளி ஆகிறான்.

ஆனாலும் கட்டச் சொல்ல மாட்டேன். மின் இணைப்பு, வங்கிக் கடன், பின்னால் விற்பது மூன்றிலும் இடிக்கும். அந்த நாலு வீட்டுக்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

#14 அரைக்கிரவுண்டு

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

நாலு பேரில் இரண்டு பேர் கடன் இல்லாமல், நகையை விற்றுக் கட்டியவர்கள். ஒருவர் மின் இணைப்புக்கு அலைந்த கதையை ஒரு மணி நேரம் சொன்னார். நாலாவது வீட்டில் பூட்டு.

சர்வேயர் சார் சொன்னதால் பழைய விளம்பரத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். அதில் நடுவில் பச்சையாக 'சிறுவர் பூங்கா' என்று ஊஞ்சல் படம் எல்லாம் போட்டிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது 59 முதல் 62 வரை நாலு மனை. விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு அது பூங்கா என்றே தெரியாது. அதில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், பூங்காவை வாங்கியதற்காக அவரை என்ன சொல்வது?

62-ல் 23 பேரின் எண் கிடைத்து வாட்ஸப் குழு தொடங்கியிருக்கிறேன். முதல் நாளே 'எவ்வளவு ஆகும்', 'பூங்கா ஆட்கள் தனியாகக் கட்டட்டும்', 'கோயில் கட்டலாமே' என்று போய்க்கொண்டிருக்கிறது. லேஅவுட் போட்டவரின் எண் உபயோகத்தில் இல்லை.

வரப்பு ஐயா, ஒன்று கேட்கவேண்டும். லேஅவுட்டின் கிழக்கு ஓரத்தில் என் மனைக்கு அடுத்து நீளமாக ஒரு பள்ளம் போகிறது. குப்பை, சீமைக் கருவேலம். அது என்ன?

#15 வரப்பு

பள்ளம் முடியும் இடத்தில் உடைந்த கல் மதகு இருக்கிறதா?

#16 அரைக்கிரவுண்டு

இருக்கிறது ஐயா. துணி துவைக்கிறார்கள் அதன் மேல்.

#17 வரப்பு

அப்போது அது வாய்க்கால்தான். என் நிலத்துக்கு வருவது இல்லை, வேறு கிளை. எங்கள் பெரியப்பா அதில் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்.

#18 பழைய சர்வேயர்

தம்பி, அவசரப்பட்டுப் பணம் எதுவும் கட்டவேண்டாம். வாய்க்கால், நீர்நிலை, பொதுவழியில் விழும் மனைக்கு வரன்முறை கிடையாது. அடுத்து இருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை. ஆனால் இந்த மாதிரி லேஅவுட்டில் வாய்க்காலின் பாதியை மனையோடு சேர்த்து அளந்து விற்றிருப்பார்கள். உங்கள் சர்வே எண்ணுக்குப் புலப்படம் (நில அளவை வரைபடம்) எடுத்துவையுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையையும் கொண்டுவாருங்கள். புலப்படத்தில் வாய்க்கால் என்ன அகலம் என்று போட்டிருக்கும். அதைத் தரையில் அளந்தால் உங்கள் 1,200-ல் எத்தனை உங்களுடையது என்று தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. வெயிலுக்கு முன் ஏழு மணிக்கு வருகிறேன். நூறு அடி டேப் என்னிடம் இருக்கிறது, கருவேலத்தை வெட்ட அரிவாள் மட்டும் யாராவது கொண்டுவரவேண்டும்.

#19 வரப்பு

அரிவாள் நான் கொண்டுவருகிறேன். மதகையும் பார்த்தது போல இருக்கும்.